டெமி அளவில் ஒரு திரை

கடைப் பையன் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்து, காட்சிக்கு வைத்திருந்த டேப்லெட்டின் மேல் நான் படுக்கவைத்தபோதும் பேசாமல்தான் நின்றான். அடுத்ததாகத் தையல் பெட்டியிலிருந்து கொண்டுவந்திருந்த இஞ்ச் டேப்பை வெளியே எடுத்ததும் அவனுக்குத் தாங்கவில்லை.

"டேபையே டேப்பால அளக்குறீங்களே மேடம். சைஸ்தான் டப்பாவுல போட்டிருக்கே."

போட்டிருந்தது, 11 அங்குலம் என்று. அது மூலைக்கு மூலை இழுத்த அளவு. எனக்கு வேண்டியது அகலமும் உயரமும். அளந்தேன்: அகலம் 5.8, உயரம் 9.3. மேலே படுத்திருந்த புத்தகம் டெமி அளவு, அகலம் 5.5, உயரம் 8.5. தமிழில் வரும் நாவல், கட்டுரை, கவிதை எல்லாம் பெரும்பாலும் இந்த அளவுதான். புத்தகத்தைச் சுற்றிலும் கறுப்புத் திரை ஒரு மெல்லிய கரைபோலத் தெரிந்தது. அப்போதே முக்கால்வாசி முடிவு செய்துவிட்டேன். ஆனாலும் பக்கத்து மேசைக்குப் போய் 14 அங்குல லேப்டாப்களையும் அளந்தேன். எந்த லேப்டாப்பிலும் திரையின் உயரம் ஏழரை அங்குலத்தைத் தாண்டவில்லை. அதிலும் மேலே மெனு, கீழே டாஸ்க்பார் போனால் ஆறு மிஞ்சும். எட்டரை அங்குலப் பக்கத்தை ஆறில் பார்க்க வேண்டுமானால் ஒன்று சுருக்க வேண்டும், இல்லையென்றால் பாதி பாதியாக உருட்ட வேண்டும்.

நான் மெய்ப்புப் பார்ப்பவள், அச்சுக்குப் போகுமுன் பக்கங்களில் பிழை பிடிப்பவள். மேற்கு மாம்பலத்தில் வீடு, வீட்டிலேயே வேலை. ரிச்சி தெருவில் உதிரி உதிரியாக வாங்கிச் சேர்த்த சிஸ்டம் ஒன்று, 24 அங்குல மானிட்டர், பல்லாங்குழிபோல் சத்தம் போடும் ஒரு கீபோர்டு, கால்மாட்டில் யுபிஎஸ். அந்த மானிட்டரில் டெமி பக்கம் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் அசல் அளவிலேயே விரித்து வைக்கலாம், அப்போதும் ஓரத்தில் இடம் மிச்சம். சிஸ்டத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு கும்பகோணம் போக முடியாது என்பது மட்டும்தான். அங்கே அப்பா இருக்கிறார், தம்பி குடும்பத்தோடு. மாதம் ஒருமுறையாவது போய்ப் பார்த்து வருகிறேன். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்பதால் அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை எல்லாப் பதிப்பகமும் ஒரே நேரத்தில் "அவசரம்" என்று அனுப்பும். அந்த மூன்று மாதத்தில் இரண்டு நாள் ஊருக்குப் போனாலும் இரண்டு புத்தகம் பின்தங்கும்.

ஆக, கூட ஒன்று வேண்டும். டேபா, லேப்டாப்பா?

யாரிடம் கேட்டாலும் லேப்டாப் என்றார்கள். "எல்லாமும் பண்ணலாமே" என்பதுதான் எல்லோரும் சொன்ன காரணம். அந்தக் காரணத்தைக் கேட்டால் எனக்கு வயிறு கலங்கும். ஏனென்றால் முன்பு என்னிடம் ஒரு லேப்டாப் இருந்தது, அதில் எல்லாமும் பண்ணியிருக்கிறேன்.

அதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு நாவல். பாதியைச் சென்னையில் சிஸ்டத்தில் திருத்தினேன், மீதியை ரயிலிலும் ஊரிலும் லேப்டாப்பில். கோப்பின் பெயர் "இறுதி". அப்புறம் "இறுதி சரி". அப்புறம் "இறுதி சரி புதுசு". பென் டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று. டிசம்பர் கடைசி வாரம், இரவு ஒன்றரை மணிக்குப் பதிப்பாளருக்கு அனுப்பியது இந்த மூன்றில் எது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அச்சாகி வந்த புத்தகத்தில் இரண்டு அத்தியாயம் கை வைக்காமல் அப்படியே இருந்தது. நாயகி ஓரிடத்தில் "பல்லைக் கடித்துக்கொண்டாள்" என்பதற்குப் பதில் "பல்லியைக் கடித்துக்கொண்டாள்". பதிப்பாளர் நல்ல மனிதர், திட்டவில்லை. பிழைதிருத்தம் என்று ஒரு துண்டுத்தாள் அச்சடித்து எல்லாப் பிரதியிலும் செருகினார். அந்தத் தாளின் மெய்ப்பையும் என்னிடமே அனுப்பினார்.

கோப்புக் குழப்பம் என் ஒழுங்கின்மை, லேப்டாப்பின் குற்றமில்லை என்பீர்கள். சரிதான். ஆனால் அந்த இரண்டு அத்தியாயத்தைத் தவிர்த்து, ஒழுங்காக லேப்டாப்பில் பார்த்து முடித்த பக்கங்களிலும் பிழை கூடுதலாகத்தான் இருந்தது. இதற்குக் காரணம் பிடிபட ரொம்ப நாள் ஆனது. கீபோர்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் கண் பிழையைப் பார்த்த அடுத்த நொடி கை திருத்திவிடுகிறது. திருத்தியதைக் கண் ஒருமுறை படித்துப் பார்க்கிறது, நன்றாக இருக்கிறதே என்று மகிழ்கிறது. அந்த மகிழ்ச்சியிலேயே அடுத்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறது. அடுத்த வரியில்தான் ஒற்று விட்டுப்போயிருக்கும். இன்னும் மோசம், கை சும்மா இருக்காமல் ஆசிரியரின் வாக்கியத்தையே மாற்றி எழுத ஆரம்பிக்கும். மெய்ப்புப் பார்ப்பவளுக்கு அது வேலையில்லை.

ஈய எழுத்து கோத்த காலத்தில் படிப்பவர் ஒருவர், மாற்றுபவர் இன்னொருவர். பக்கம் பிரிக்காமல் நீளநீளமாக வரும் 'காலி' (galley) புரூஃபில் இவர் மையால் குறி போடுவார், கம்பாஸிட்டர் எழுத்தைப் பிடுங்கி வேறு எழுத்தைச் செருகுவார். படிப்பவர் கையில் பேனாவைத் தவிர ஒன்றும் இருக்காது. கணினி வந்து இந்த இரண்டு வேலையையும் ஒரே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டது. வசதிதான், மறுக்கவில்லை. என் கண்ணுக்கு மட்டும் அது ஒத்துவரவில்லை.

அப்படி யோசிக்கும்போதுதான், என் வேலை ஒன்றல்ல, இரண்டு என்று பட்டது. படித்துக் குறிபோடுவது ஒன்று, குறித்ததைக் கோப்பில் ஏற்றுவது இன்னொன்று. இரண்டாவதற்கு சிஸ்டத்தைவிட நல்ல இடம் கிடையாது. வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது முதல் வேலை மட்டும்தான். அதற்கு எதற்கு இன்னொரு கீபோர்டு?

இந்த இடத்தில் ஒரு ஓரக்குறிப்பு. 2025 மார்ச்சில் தமிழக அரசு தன் நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு டேபோ லேப்டாப்போ தரப்போவதாக அறிவித்தது. நான் முன்பு மண்டையை உடைத்துக்கொண்ட அதே கேள்வி. பிறகு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் டெண்டர் கேட்டது லேப்டாப்புக்குத்தான். மாணவருக்கு அதுதான் சரி. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அது வீட்டின் ஒரே கணினியாக இருக்கும், எல்லாமும் அதில்தான் செய்தாக வேண்டும். என் நிலை வேறு. எல்லாமும் செய்ய ஒன்று ஏற்கெனவே மேசைமேல் உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் சிஸ்டம் இருப்பவர்கள், இல்லாதவர்களுக்கான பதிலைக் கேட்டுக்கொண்டு லேப்டாப் வாங்கிவிடுகிறோம் என்று எனக்கொரு சந்தேகம்.

விலை: என் பட்ஜெட் 30 ஆயிரம். அந்த விலைக்குக் கடையில் காட்டிய லேப்டாப்களில் ஒன்று வேர்டைத் திறக்கவே மூச்சு வாங்கியது, ஒன்றில் 64 ஜிபி சேமிப்பு, அதுவும் வேகமான எஸ்எஸ்டி இல்லை, மெதுவான இஎம்எம்சி. விண்டோஸ் உட்கார்ந்ததுபோக நமக்கு மிஞ்சுவது திண்ணை மட்டும். கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய லேப்டாப் நல்லதாகக் கிடைக்கும், ஆனால் பேட்டரி எந்த நிலையில் இருக்கும் என்பது அதிர்ஷ்டம். அதே பணத்துக்கு டேப் நல்லதாகவே வந்தது.

பேனா விஷயத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள், அவசரப்படாதீர்கள். சில டேப் பேனாக்களுக்கு பேட்டரி உண்டு, சார்ஜ் போட வேண்டும். சிலவற்றுக்கு எழுத பேட்டரியே வேண்டாம், திரைக்கு அடியிலிருந்து வரும் காந்தப்புலமே போதும். எனக்கு இரண்டாவது வகைதான் வேண்டியிருந்தது, ஏனென்றால் சார்ஜ் போட மறந்த பேனா ரயிலில் வெறும் குச்சி. இன்னொன்று, உள்ளங்கையைத் திரையில் ஊன்றி எழுதும்போது கையைக் கையென்றும் பேனாவைப் பேனாவென்றும் டேப் பிரித்தறிய வேண்டும். கடையில் நின்றபடி இரண்டு எழுத்து கிறுக்கினால் இது தெரியாது. உட்கார்ந்து, கையை ஊன்றி, ஐந்தாறு வரி எழுதிப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் பிளாஸ்டிக் முனை எண்ணெய்த் தரையில் செருப்புபோல வழுக்கும். சொரசொரப்பான மேட் தாள் ஒன்று ஒட்டிய பிறகுதான் என் "ழ" எனக்கே அடையாளம் தெரிந்தது.

வாங்கிய வாரமே கும்பகோணம் வண்டியில் சோதித்தேன். அப்பர் பெர்த்தில் லேப்டாப்பைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், நிமிர்ந்தால் தலை இடிக்கும், படுத்தால் திரை மூக்கில் விழும். டேப் அரைக் கிலோ. ஒருக்களித்துப் படுத்து, தலையணையில் சாய்த்து வைத்து, விழுப்புரம் வருவதற்குள் இரண்டு ஃபாரம், அதாவது 32 பக்கம் முடித்தேன். முழுப் பக்கமும் ஒரே பார்வையில் கிடைப்பதால், பத்தியின் கடைசி அரை வரி மட்டும் அடுத்த பக்கத்தின் தலையில் தொங்குவதுபோன்ற குறைகள் எல்லாம் தானாகக் கண்ணில் பட்டன. பாதிப் பாதியாக உருட்டிப் படித்த காலத்தில் இவற்றைப் பார்த்ததே இல்லை.

குறை இல்லாமல் இல்லை. முதல் புத்தகத்தில் 200 பக்கத்துக்கும் சிவப்பு மையில் குறி போட்டு, கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி தம்பிக்கு அனுப்பினேன். மாலையில் போன்.

"அக்கா, ஒரு தப்புகூட இல்லையா? ஆச்சரியமா இருக்கே."

என் குறிகள் எதுவும் அவன் பக்கம் தெரியவில்லை. டேபில் நான் போட்ட கோடுகள் பக்கத்தின் மேல் தனியடுக்காக இருந்திருக்கின்றன, அவனுடைய பழைய மென்பொருள் அந்த அடுக்கைக் காட்டவில்லை. குறிகளைப் பக்கத்தோடு சேர்த்து ஒட்டி அனுப்ப ஒரு வழி இருக்கிறது, ஃப்ளாட்டன் என்று பெயர். அப்படி அனுப்பினால் எல்லோருக்கும் தெரியும். ஒட்டிய பிறகு அழிக்கவும் முடியாது. அன்றிலிருந்து ஒட்டித்தான் அனுப்புகிறேன்.

டேபில் தமிழ் அடிப்பதும் ஒரு பாடு. நான் தமிழ்99 பழகியவள். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பின் அரசு ஏற்ற விசைமுறை, உயிர் எழுத்து இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. "க"வை இரண்டு முறை தட்டினால் முதல் "க"வுக்குப் புள்ளி தானாக விழும். விரல் அதற்குப் பழகிவிட்டது. டேபுக்கென்று ஒரு புளூடூத் கீபோர்டு வாங்கி இணைத்தால் ஆங்கிலம்தான் வந்தது. தமிழ் வேண்டுமானால் திரையில் வரும் விசைகளைத் தட்ட வேண்டும், வெளிக் கீபோர்டை இணைத்ததுமே அதுவும் ஒளிந்துகொண்டது. அமைப்புகளுக்குள் போய் அதைத் திரும்ப வரவழைத்தேன். இரண்டு கீபோர்டு வைத்துக்கொண்டு ஒன்றைத் தடவுவதற்கு எதற்கு இன்னொன்று? புளூடூத் கீபோர்டு இப்போது மகனின் அலமாரியில்.

இதெல்லாம் சில்லறை. பெரிய சோதனை போன நவம்பரில் வந்தது.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. ஆபரேஷன், 12 நாள் ஆஸ்பத்திரி. நானும் தம்பியும் முறை வைத்துக்கொண்டு இருந்தோம். பிடிஎஃப் வேலையெல்லாம் டேபில் ஓடியது, அதில் பிரச்சினை இல்லை. நாலாம் நாள் ஒரு பதிப்பாளரிடமிருந்து வேர்ட் கோப்பு வந்தது. ஆசிரியர் இலங்கைக்காரர். அங்கும், புலம்பெயர்ந்து போனவர்களிடமும், பாமினி எழுத்துரு இன்னும் புழங்குகிறது. டேபில் கோப்பைத் திறந்தேன். "தமிழ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. 300 பக்கமும் அப்படியே.

பாமினி, ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்திய ஏற்பாடு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்து ஏமாற்றும் வேலை. கோப்புக்குள் இருப்பது "ஜே"தான், பாமினி இருக்கும் கணினியில் அது "த" வேஷம் போடும். பிடிஎஃப் ஆனால் வேஷத்தையும் கையோடு கொண்டுவந்துவிடும், அதனால்தான் டேபில் தெரிகிறது. வேர்ட் கோப்பென்றால் அதைத் திறக்கும் கணினியில் எழுத்துரு இருந்தாக வேண்டும், என் டேபில் இருந்த வேர்டில் அதைப் போட எனக்கு வழி கிடைக்கவில்லை. மாற்றித்தரும் இணையக் கருவிகள் உண்டு, ஆனால் இந்த நூலில் நிறைய ஆங்கில மேற்கோள். மாற்றியில் போட்டால் ஆங்கிலமும் தமிழாகி, எந்த மொழியிலும் இல்லாத ஒரு ரசம் கிடைக்கும்.

கிளம்பும்போது வீட்டு சிஸ்டத்தை ஆன் செய்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன், தூரத்திலிருந்தே அதை இயக்க குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போட்டு. டேபிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தேன். 24 அங்குலம் 11 அங்குலத்துக்குள் சுருண்டு எறும்பு வரிசையாகத் தெரிந்தது. ஆனாலும் தமிழ் தெரிந்தது, பாமினி அங்கே இருக்கிறதே. பெரிதாக்கி நகர்த்தி, நகர்த்திப் பெரிதாக்கி, முன்னுரையில் இரண்டு பக்கம் தாண்டினேன். அப்புறம் திரை உறைந்தது. மாம்பலத்தில் கரண்ட் போயிருக்கிறது, யுபிஎஸ் கால் மணி நேரம் தாக்குப் பிடித்து செத்திருக்கிறது. கரண்ட் வந்ததும் சிஸ்டம் தானாக உயிர்த்தெழ, விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸ் என்ற அடிப்படை நிரலில் ஓர் அமைப்பு இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அதை மாற்ற யாராவது வீட்டுக்குப் போய் சிஸ்டத்தின் முன்னால் உட்கார வேண்டும்.

தம்பி மகள்தான் காப்பாற்றினாள். ப்ளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப் அவளிடம் இருந்தது. மூடியில் அரசு முத்திரை, ஆன் செய்தால் விண்டோஸா பாஸ் லினக்ஸா என்று கேட்கும்.

"அத்தை, இது ஆன் ஆகுறதுக்குள்ள தாத்தாவுக்கு டிரிப்ஸே முடிஞ்சிடும்."

பேட்டரி செத்துப்போய்விட்டது, பிளக்கில் செருகினால்தான் ஓடும். வார்டில் கட்டிலுக்கு ஒரு பிளக், அதில் நெபுலைசர் போட வேண்டும் என்று நர்ஸம்மா இரண்டு முறை பிடுங்கிவிட்டார். இருந்தாலும் பாமினியை ரைட் கிளிக் செய்து ஒரு நிமிஷத்தில் போட்டேன், தமிழ் தமிழாக வந்தது. நோயாளியின் சாப்பாட்டு மேசைமேல் வைத்து எட்டு நாளில் 300 பக்கம். வேலை முடிந்தது. பிழை? லேப்டாப்பில் பார்த்தபோது வழக்கமாக எவ்வளவு விடுவேனோ அவ்வளவு விட்டிருந்தேன். அந்தப் புத்தகத்தின் பிடிஎஃபை டேபில் மறுபடி படித்தபோது பக்கத்துக்கு ஒன்றாவது சிக்கியது.

அதற்குப் பிறகு லேப்டாப் வாங்கினாயா என்று தம்பி கேட்டான். இல்லை. இந்த மூன்று வருடத்தில் அது இல்லாமல் நான் திண்டாடியது அந்த எட்டு நாள்தான், அதற்கும் தம்பி மகளின் லேப்டாப் இருந்தது. பயாஸை மாற்றிவிட்டேன், யுபிஎஸ் பேட்டரியைப் புதிதாகப் போட்டேன். என் தோழி மொழிபெயர்ப்பாளர். அவளுக்கு இந்தக் கணக்கு உதவாது. அவள் போகுமிடமெல்லாம் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியவள், டேப் வாங்கினால் ஒரு மாதத்தில் அது பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் பெட்டியாகிவிடும். வெளியே போகும்போது உங்கள் வேலையில் எந்தத் துண்டு கூட வருகிறது என்று ஒரு மாதம் கவனித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். போகும்போது இஞ்ச் டேப்பை மறக்காதீர்கள்.

டேபில் ஒரு ஆபத்தைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை. லேப்டாப்பை வீட்டில் யாரும் தொடமாட்டார்கள், அது "அக்கா ஆபீஸ் வேலை". டேப் பொதுச்சொத்து. டிஸ்சார்ஜ் ஆகி வந்த அப்பா, படுத்தபடி பேப்பர் படிக்க அதைக் கேட்டார். எழுத்தை விரலால் பெரிதாக்கலாம் என்று காட்டிக்கொடுத்தேன், அன்றோடு டேப் அவருடையதாகிவிட்டது. அவர் தூங்கும் நேரம்தான் எனக்கு. பேனாவையும் விடவில்லை, பேப்பரில் வரும் குறுக்கெழுத்தை அதில் போட ஆரம்பித்தார்.

டிசம்பர் நடுவில் ஒரு திருமண மலர் மெய்ப்பு. இரவு முடித்துவிட்டு, காலையில் ஒட்டி அனுப்பிவிட்டேன். பதினொரு மணிக்கு டிடிபி தம்பியின் போன்.

"அக்கா, 43ஆம் பக்கம். 'வாழ்த்துக்கள்'ல 'க்'க அடிச்சிருக்கீங்க."

"ஆமா, வாழ்த்துகள்தான்."

"சரி. ஆனா பக்கத்துலயே பெரிசா ஒரு கேள்விக்குறி போட்டு, கீழ 'தவறு'ன்னு எழுதியிருக்கீங்களே. உங்க கையெழுத்து மாதிரியும் இல்ல. இப்ப நான் 'க்'க எடுக்கவா, வைக்கவா?"

திரும்பிப் பார்த்தேன். அப்பா தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். எத்தனை ஆயிரம் வாழ்த்துத் தந்தி அவர் கையைத் தாண்டிப் போயிருக்கும். கட்டிலில் சாய்ந்து, டேபை மடியில் வைத்துக்கொண்டு, பேனாவின் பின்பக்கத்தால் காதைக் குடைந்துகொண்டிருந்தார்.

"யாரும்மா போன்ல? அச்சாபீஸா? 'க்' இருக்கட்டும்னு சொல்லு."